நிறம் திரிந்த நிழற்படம்: காரணமும் பரிகாரமும்

பொன்விழாக் காணும் எம் கல்லூரியின் மலருக்குக் கட்டுரையொன்று வரைக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே எம்மிடம் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியர்க்கு அதுவே இயல்பு. ஆயினும் மலர்க்குழுவினர் பழைய நிழற்படங்களைத் திரட்டிச் செப்பனிடும் பணியை எம்மிடம் ஒப்படைத்தமையால், சில மாதங்களாக யாம் ஏட்டோடு பழகியதினும் கணினித் திரையோடு பழகியதே மிகுதி. அப்பணியில் யாம் செய்த பிழைகளும், அவற்றாற் பெற்ற தெளிவும் பிறர்க்கும் பயன்படும் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. அட்டன் நகருக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்தில் வாழும் மூதாட்டி ஒருவர், எம் மாணவனாகிய தம் பேரன் வாயிலாக வண்ணப்படம் ஒன்றை அனுப்பியிருந்தார். அவருடைய தமக்கையார் குடும்பம் 1982இல் இந்தியாவுக்குப் புறப்படுமுன் எடுத்துக்கொண்ட படம் அது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. அதன் வழியே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் கடலின் இருகரையிலும் பிரிந்து வாழ நேர்ந்தமை மலையகத்தார் எவரும் அறிந்ததே. அவ்வாறு பிரிந்த அக்காளை மூதாட்டியார் மீண்டும் கண்டிலர். எஞ்சியது படம் ஒன்றே. அப்படத்திலே அக்காளின் மூத்த மகன் எம் கல்லூரியின் வெள்ளைச் சட்டையோடு நிற்கின்றான். ஆதலால் அது இம்மலருக்கும் உரியதாயிற்று.

நாற்பது ஆண்டுகளிற் படம் முழுவதும் செந்நிறம் பாய்ந்திருந்தது. யாம் அதனை ஸ்கான் செய்து மென்பொருளில் ஏற்றி, நிறத்தைத் தானே திருத்தும் பொத்தானை அழுத்தினோம். ஒரு நொடியிற் செம்மை அகன்றது. மகிழ்ந்து, அச்சிட்டு அனுப்பினோம். மூதாட்டியார் அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்கக்கா மாதிரிதான் இருக்கு, ஆனா எங்கக்கா இல்லீங்க சேர்" என்றார். மீண்டும் நோக்கினோம். முகம் சாம்பல் பூத்திருந்தது. சேலை இன்ன நிறமென்று சொல்லவியலாததாய் இருந்தது. நோயின் முதலை அறியாது மருந்திட்டோம் என்பது அப்பொழுதே எமக்குப் புலனாயிற்று.

நிறம் எண்ணாகும் வகை

கணினி நிறத்தை அறியாது, எண்ணையே அறியும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உள. பொதுவாக ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை செல்லும். இவற்றின் சேர்க்கை 16,777,216 ஆகும். மூன்று நிற ஒளிகளைக் கலந்து ஏனைய நிறங்களைப் பெறலாம் என்பதை மக்ஸ்வெல் என்னும் பௌதிக அறிஞர் 1861இல் இலண்டனில் நிழற்படங்கொண்டு காட்டினார். இன்றைய கமெராவும் திரையும் அவ்வழியே நடப்பன.

ஆயின், "பச்சை 200" என்றால் எத்துணைப் பச்சை? இங்கேதான் குழப்பம் பிறக்கின்றது. தோட்டத்துக் கொழுந்து மடுவத்திலே ஒருவர் கொழுந்தை நிறுத்து, ஏட்டில் "20" என்று மட்டும் எழுதினார் என்க. அஃது இருபது இறாத்தலா, இருபது கிலோவா? எண் ஒன்றே, பொருளோ இருமடங்கிற்கு மேல் வேறுபடும். அளவையின் பெயர் இல்லாத எண் பயனற்றது. படத்தின் எண்களுக்கு அளவையின் பெயராய் நிற்பதே புரொஃபைல் எனப்படும் நிறவிவரக் குறிப்பு. இக்குறிப்புகளுக்குப் பொதுவிதி வகுக்கும் பன்னாட்டு அமைப்பு 1993இல் தோன்றிற்று. 1996இல் எச்பி, மைக்ரோசொஃப்ட் ஆகிய நிறுவனங்கள் முன்மொழிந்த எஸ்ஆர்ஜிபி என்னும் அளவையே இன்று திரைகளிற் பெருவழக்கு. 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி பச்சையையும் நீலப்பச்சையையும் அதனினும் விரிவாகக் கொள்ளும்.

பிழை எங்கே உளது?

நிறம் திரிந்ததைக் கண்டவுடன் மென்பொருளைப் பழிப்பது வழக்கம். அதற்குமுன் நான்கு வினாக்களை வரிசையாகக் கேட்டல் வேண்டும்.

முதலாவது: அதே படம் வேறொரு கணினியிலோ கைபேசியிலோ வேறு நிறமாகத் தோன்றுகின்றதா? ஆம் எனில் முதலில் ஐயுற வேண்டியது திரையை. இரண்டாவது: ஒரே திரையில், ஒரு மென்பொருளில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் தோன்றுகின்றதா? ஆம் எனில் பெரும்பாலும் குற்றம் நிறவிவரக் குறிப்பைச் சார்ந்தது. மூன்றாவது: திரையில் நன்றாய் இருந்து தாளிற் கெடுகின்றதா? அச்சினை ஆராய்க. நான்காவது: எங்குப் பார்ப்பினும் ஒரே வகையாய்த் திரிந்துள்ளதா? அப்பொழுது பிழை படத்திலேயே, அஃதாவது எடுத்த ஒளியிலோ காலத்தின் சிதைவிலோ உளது. இந்நான்கையும் பிரித்தறியாது திருத்தப் புகுவோர், நல்ல படத்தைக் கெடுத்துக் கெட்ட திரைக்கு ஏற்ப அமைப்பர்.

கண்ணும் அறையும் திரையும்

திரையைப் பார்க்கும் கண்ணும் ஏமாறக்கூடியது. மஞ்சள் விளக்கின் கீழ்ச் சிறிதுநேரம் இருந்தால் அவ்வெளிச்சத்தையே கண் வெள்ளையாக ஏற்றுக்கொள்ளும். யாம் பணி செய்த அறையின் சுவர் பச்சை வண்ணம் தீட்டப்பட்டது. அச்சுவரின் முன்னமர்ந்து யாம் திருத்திய படங்கள் பலவற்றில், செம்மை மிகுந்ததெனத் தவறாக எண்ணிப் பச்சையைக் கூட்டியிருந்தோம். மேசையை வெண்சுவர்ப் பக்கம் திருப்பிய பின்னரே அதனை உணர்ந்தோம். வெயில் திரையில் நேரே படாத இடமும், மாறாத வெளிச்சமும், சாம்பல் அல்லது வெண்மையான சுற்றுப்புறமும் இப்பணிக்கு வேண்டும்.

திரையில் மூன்றைக் கவனிக்க. மாலையானதும் திரையை மஞ்சளாக்கும் "நைட் லைட்" போன்ற வசதி இயங்கினால் அதனை நிறுத்துக. பிரகாசத்தை அளவிற்கு மேல் வைத்தல் ஆகாது. வெண்டாள் ஒன்றைத் திரையருகே பிடித்து, திரையின் வெண்மை தாளினும் மிக ஒளிர்கின்றதாயிற் குறைத்துக்கொள்க. மலிவான மடிக்கணினிகளிற் பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். ஆதலின் நேரே இருந்து பார்க்க. திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவிகளும் உள. பாடசாலைகள் சில சேர்ந்து ஒன்றை வாங்கிப் பொதுவிற் பயன்படுத்தலாம்.

பெயரிழந்த படம்

இனி நிறவிவரக் குறிப்பு. அடோபி ஆர்ஜிபி அளவையில் உள்ள படத்தின் குறிப்பு தொலைந்துவிட்டால், மென்பொருள் அதனை எஸ்ஆர்ஜிபி என்றே கொண்டு காட்டும். அப்பொழுது பச்சைகள் வாடி, முகங்கள் ஒளியிழந்து தோன்றும். கொழுந்து வாடவில்லை, அளவைதான் மாறிற்று.

போட்டோஷாப்பிலும், விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இதற்கென இரு கட்டளைகள் உள: "அசைன்" என்பது ஒன்று, "கன்வேர்ட்" என்பது மற்றொன்று. மாணவர் பெரும்பாலும் மயங்குவது இங்கேதான். கொழுந்து மடுவத்தையே மீண்டும் நினைக. ஏட்டில் உள்ள 20 என்ற எண்ணை மாற்றாமல், அதனருகே "கிலோ" என்று எழுதுவது அசைன். இருபது கிலோ எனத் தெரிந்ததை 44 இறாத்தல் எனக் கணக்கிட்டு எழுதுவது கன்வேர்ட். முன்னது பெயரிடுவது, எண் மாறாது, தோற்றம் மாறும். பின்னது பெயர்ப்பது, எண் மாறும், தோற்றம் இயன்றவரை மாறாது. பெயர் தொலைந்த படத்துக்கு முதலில் அதன் உண்மையான பெயரை அசைன் செய்க. அதன்பின் வேண்டிய அளவைக்குக் கன்வேர்ட் செய்க. முறை மாறினால் இருபது இறாத்தலைக் கிலோ என்று மயங்கிக் கூலி கொடுத்த கணக்காகும். சேமிக்கும்போது குறிப்பையும் படத்தோடு சேர்த்துச் சேமித்தல் வேண்டும்.

மலைநாட்டு ஒளி

கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நண்பகலிலும் மூடுபனி இறங்கும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகாற் குறிப்பர். தெளிந்த பகலொளி ஏறத்தாழ 5,500. முகில் மூடிய வானத்தின் ஒளி 6,500 முதல் 7,500 வரை. பழைய இழைவிளக்கின் ஒளி 2,800 அளவு. எண் ஏற ஏற நீலம் மிகும். கமெராவை வெயிலுக்கு அமைத்துவிட்டுப் பனிமூட்டத்தில் எடுத்தால், முகமும் மலையும் நீலம் பாரித்து நிற்பது இதனாலேயே. மென்பொருளில் "ஒயிட் பாலன்ஸ்" என்னும் வெண்மைச் சமன்பாட்டினால் இதனைத் திருத்தலாம். கமெராவிலேயே "ரா" வடிவில் எடுத்து வைத்தால் திருத்தம் பழுதின்றி அமையும்.

அதற்கு ஒரு சாட்சி வேண்டும். வெள்ளையோ சாம்பலோ ஆன பொருளில், நடுநிலை ஒளியில், மூன்று எண்களும் ஏறத்தாழச் சமமாய் நிற்றல் விதி. பாடசாலைப் படங்களில் வெண்சட்டையைச் சாட்சியாகக் கொள்ள நமக்கு ஆசை பிறக்கும். ஆனால் நீலமிட்டுத் துவைத்த சட்டை உண்மையிலேயே சற்று நீலம். சலவைத்தூள்களிற் சேரும் ஒளியூட்டிகளும், கண்ணுக்குப் புலனாகாப் புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழ்வன. அச்சட்டையை வெள்ளையாக்க முயன்றால் முகம் மஞ்சளாகும். நெற்றித் திருநீறும் மெல்லப் பூசியதாயின் தோலின் நிறத்தோடு கலந்தே தோன்றும். ஆதலின் விழாக்களிற் படம் எடுப்போர் சாம்பல்நிற அட்டையொன்றை முதற்படத்தில் வைத்து எடுத்துக்கொள்வது நன்று. சாட்சி ஒன்றேயாயின் அதனை நம்புமுன் மற்றொன்றைத் தேடுக.

தேயிலைச் செடிகளின் நடுவே இடுப்பளவு நின்று கொழுந்து கொய்யும் பெண்களின் படத்தில் வேறோர் இடர் உண்டு. இலைகளிற் பட்டுத் திரும்பும் ஒளி மோவாயிலும் கழுத்திலும் பச்சை படியச் செய்யும். இதற்காகப் படம் முழுவதையும் செம்மைப்படுத்தினால் மலை கெடும். முகப்பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்துக. மாந்தர் தோல் எந்நிறத்ததாயினும், நடுநிலை ஒளியிற் பெரும்பாலும் சிவப்பெண் மிகுந்தும், பச்சை அதனிற் குறைந்தும், நீலம் இறுதியாகவும் நிற்கும். இவ்வரிசை பிறழ்ந்திருப்பின் வேற்றொளி படிந்தது என அறிக.

தாளில் இறங்கும்போது

திரை ஒளியாற் காட்டும். தாள் மையாற் காட்டும். அச்சகத்தில் சயன், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளே பெரும்பாலும் உள. திரையில் மின்னும் பச்சைகள் சில அவற்றின் கலவையாற் பெறவே இயலாதவை. பரிசளிப்பு விழாப் படமொன்றை யாம் முன்னொரு முறை அச்சுக்குக் கொடுத்தபோது, பின்னணித் தேயிலை மலை மங்கியும் முகங்கள் இருண்டும் வந்தன. அச்சகத்தாரை நொந்துகொண்டோம். பின்னர் ஆராய்ந்தபோது, எம் திரையின் பிரகாசமே அளவிறந்து இருந்தமை தெரிந்தது. யாம் இருளையே ஒளியென்று எண்ணி அனுப்பியிருந்தோம். அச்சகத்தாரிடம் அவர் தாளுக்கும் மைக்கும் உரிய நிறவிவரக் குறிப்பை முன்னரே கேட்டுப் பெற்று, மென்பொருளின் "புரூஃப்" காட்சியிற் பார்ப்பதும், முழுமலரையும் அச்சிடுமுன் ஒரு பக்கத்தை மாதிரியாக எடுத்துப் பகலொளியிற் பார்ப்பதும் இவ்விடரைத் தவிர்க்கும்.

முகத்தின் நிறம்

இத்துணையும் கருவியின் செய்தி. இனிக் கூறுவது கருத்தைப் பற்றியது.

நிழற்படம் தொடக்கத்திலிருந்தே எல்லா நிறத்தையும் ஒரு கண்ணால் நோக்கியதன்று. ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் 1875இல் இலங்கைக்கு வந்து, இங்குள்ள தோட்டங்களில் உழைத்த தமிழர்களைப் படம்பிடித்தார். 1879இல் டிக்கோயாப் பக்கத்தில் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1851இல் தோன்றி அக்காலத்திற் பெருவழக்காயிருந்த கொலோடியன் தகடுகள் நீல ஒளியை நன்கு உணர்ந்து, செம்மையை ஏறக்குறைய உணராதவை. ஆதலின் மாநிற மேனி கண்ணுக்குத் தோன்றுவதினும் கறுத்தே தகட்டிற் பதிந்தது. நூறாண்டின்பின் வண்ணப்படக் காலத்திலும் நிலை முற்றாக மாறவில்லை. கொடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு வழங்கிய நிறமாதிரி அட்டையில் வெள்ளைமேனிப் பெண்ணொருத்தியின் படமே நெடுங்காலம் இருந்தது. அவ்வட்டை "ஷெர்லி" எனப்பட்டது. அம்முகம் சரியாய் அமைந்தால் நிறம் சரி என்பது விதி. ஏனைய முகங்கள் எவ்வாறு ஆயினும் ஆகுக. 1990களிலேயே பல நிற மேனியரையும் ஒருங்கு காட்டும் அட்டைகள் வந்தன.

அன்று கருவி அறியாமற் செய்ததை இன்று நாம் அறிந்தே செய்கின்றோம். திருமணப் படத்திலும் அடையாள அட்டைப் படத்திலும் முகத்தை வெளுப்பாக்குவது திருத்தம் எனப் பெயர் பெற்றுவிட்டது. கைபேசிகள் சில கேளாமலே அவ்வாறு செய்கின்றன. சங்கச் சான்றோர் பெண்ணின் மேனியழகை "மாமை" என்று போற்றினர். மாந்தளிரின் நிறத்தை அதற்கு ஒப்புக் கூறினர். பிரிவால் அம்மேனியில் வெளிறிப் பரவும் நிறத்தைப் "பசலை" என்றனர். அதனை அழகென்று கூறாது நோயென்றே கூறினர். மென்பொருளால் முகத்தை வெளுப்பிப்பவர், பிரிவின்றியே பசலை ஊட்டுபவர் ஆவர். எம் மாணவி ஒருத்தி தன் படத்தைத் தந்து, "கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க சேர்" என்றபோது, யாம் இப்பாடத்தையே அவளுக்குச் சொன்னோம். முழுதும் ஏற்றாள் என்று கூறோம். ஆயின் படத்தை மாற்றாமலே எடுத்துச் சென்றாள்.

மூதாட்டியின் படம்

மீண்டும் அச்செந்நிறப் படத்துக்கு வருவோம். வண்ணத்தாளில் சயன், மஜென்டா, மஞ்சள் என்னும் மூன்று சாயங்கள் உள. அக்காலத்துத் தாள்கள் பலவற்றிலே, இருளில் வைத்திருப்பினும் சயன் முந்தி மங்கும். எஞ்சிய இரண்டும் சேர்ந்து சிவப்பாகும். பச்சை நிறமோ சயனும் மஞ்சளும் கூடியது. சயன் போனபின் பச்சைச் சேலை பழுப்பாய்த் தோன்றும். தானே திருத்தும் பொத்தான் இவ்வரலாற்றை அறியாது. அத்தகைய பொத்தான்கள் பலவும் படத்தின் சராசரி நிறம் சாம்பலாய் இருத்தல் வேண்டும் என்னும் ஊகத்தால் இயங்குவன. எனவே முகத்தின் இயல்பான செம்மையையும் நோயென்று எண்ணி அகற்றிவிட்டது.

மூதாட்டியாரிடம் சேலையின் நிறத்தைக் கேட்டனுப்பினோம். "கொழுந்துப் பச்சை" என்றார். அன்றியும், அக்காள் புறப்படும்போது அச்சேலையைத் தங்கைக்கே விட்டுச் சென்றதாகவும், அது தம் பிள்ளைகளுக்குத் தொட்டிலாய்க் கிடந்து நைந்ததாகவும் கூறி, டிரங்குப் பெட்டியிலிருந்த துண்டொன்றைக் கொடுத்தனுப்பினார். வெளிப்புறம் வெளுத்திருந்தது, மடித்துத் தைத்த ஓரத்தைப் பிரித்தபோது உள்ளே பச்சை இருந்தது.

அதன்பின் முதலில் ஸ்கான் செய்த மூலத்தின் படியை எடுத்து, மூன்று நிறங்களையும் தனித்தனியே "லெவல்ஸ்" என்னும் கருவியால் திருத்தினோம். சிவப்பு வரிசையில் இருளின் முனை வெறுமையாய் இருந்தது. கூந்தலின் கறுப்பைச் சாட்சியாக்கி அதனை நெருக்கினோம். மகனுடைய சட்டையின் மஞ்சட்கறையை நீல வரிசையின் ஒளிமுனையாற் குறைத்தோம். சட்டையை முழுச் சாட்சியாக நம்பாது, சுவரின் சுண்ணாம்பையும் உடன் நோக்கினோம். நடுவெண்களைத் துணியின் ஓரத்துக்கு ஒப்ப அமைத்தோம். முகத்தை யாம் தொடவில்லை. கறுப்பும் வெள்ளையும் பச்சையும் தத்தம் இடத்தில் நின்றபோது முகம் தானே தெளிந்தது.

இம்முறை யாமே கொண்டு சென்று கொடுத்தோம். மூதாட்டியார் முதலிற் சேலையைத் தடவினார். "சேலை சரிங்க சேர்" என்றார். சற்றுப் பொறுத்து, "அக்கா இன்னுங் கொஞ்சம் கறுப்புங்க" என்றார். படத்தை எடுத்தபோதே ஒளி மிகுந்து முகம் வெளுத்துப் பதிந்திருத்தல் கூடும். அவர் அருகிலிருந்தே முகத்தின் ஒளியைச் சிறிது சிறிதாகக் குறைத்தோம். ஓரிடத்தில், "போதுங்க" என்றார். அம்முகமே இம்மலரில் உள்ளது. "உடன்பிறந்தார் நினைவின்படி திருத்தப்பட்டது" என்று படத்தின் கீழும் பொறித்துள்ளோம். கருவியின் சான்று எது, நினைவின் சான்று எது என்பதைப் பின்வருவோர் அறிதல் வேண்டும் அன்றோ!

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

உம் இல்லங்களில் உள்ள படங்களை, சிறியனவாயின் அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஸ்கான் செய்க. மூலத்தைத் திருத்தாது வைத்துப் படியிலேயே திருத்துக. வாட்ஸ்அப்பிற் படமாக அனுப்பினால் அது சுருங்கும்; ஆவணமாக அனுப்புக. இவற்றினும் மேலாக, படத்திலுள்ள சேலை என்ன நிறம், கொடி என்ன நிறம், நின்றவர் மாநிறமா கறுப்பா என்று முதியோரை இன்றே கேட்டு எழுதி வைக்க. மங்கிய சாயத்தைக் கணக்கால் மீட்கலாம். கேளாது விட்ட சாட்சியத்தை எம்மென்பொருளாலும் மீட்க இயலாது.

கல்லூரித் தாய் நீடு வாழ்க! அவள் பிள்ளைகள் தத்தம் நிறத்தோடே விளங்குக!